பத்தாம் பாத்தி உப்பு

சிலுவைமுனையில் உப்பு சத்தம் போட ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் மிக்கேல்பிச்சை, பழைய சோற்றில் அந்த வருஷத்துப் புது உப்பு இரண்டு கல் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு, நேரமாச்சு வாரேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்கு முன்னால் எலெக்ட்ரிக் கிடாரின் இரண்டு சுரங்கள் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தன. வாயை மூடினார். மறுபடி திறந்தார். இந்தத் தடவை வார்த்தை மட்டும் வந்தது. ரசத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்த பெண்டாட்டி, மூன்று சுரம் விட்டுவிட்டு, “வாயு” என்றாள். அவர் போய் மணியை அடித்தார். பள்ளிக்கூடம் வழக்கம்போலத் தொடங்கியது.

இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறவர்கள் பிளந்துகொள்ளுங்கள். அந்த ஊர் பிளக்கவில்லை, எனக்கும் அதற்கு நேரமில்லை. உப்பு ஏன் வாசித்தது என்பதல்ல என் வயிற்றெரிச்சல். வாசித்தது யார் என்று தெரிந்த ஓர் ஊர், மூன்று தெரு, நானூறு வீடு, ஒரு கோயில், அத்தனை வாயும், அத்தனை மாதம், அந்தப் பெயரை மட்டும் சொல்லாமல் இருந்ததே, அதுதான்.

அவள் பெயர் ஜெனோவா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் உப்பளத்தில் மோட்டார் போடுகிறவள். கிணற்றிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்து, பத்துப் பாத்திக்கும் முறை வைத்து விடுவது அவள் வேலை. அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் அப்பா, ஏதோ ஒரு தேசத்துக் கப்பலில் வேண்டாமென்று தூக்கிப் போட்ட சிவப்பு கிடார் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். பெட்டிக்குள் ஒரு காசெட்டும் கிடந்தது, எழுத்தெல்லாம் அழிந்துபோய். அதில் எவனோ ஒருத்தன், பாட்டில்லாமல், வார்த்தையில்லாமல், கிடாரை மட்டும் வாசித்தான், வெறி பிடித்த வேகத்தில், மழைக்கு முன்னால் கொடியில் காயும் துணியை அள்ளுகிற மாதிரி. ஜெனோவா அந்த நாடா தேய்ந்து அறுந்து போகும்வரை கேட்டாள். அறுந்த பிறகு, இனி யார் வாசிப்பார்கள் என்று தானே வாசிக்க உட்கார்ந்தாள்.

கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து மாட்டினாள். சுரத்தை வளைத்து இழுக்கிற நெம்புகோலுக்கு சைக்கிள் பிரேக் பிடியையே வைத்துக் கட்டினாள். மைக்செட் கடையில் கழித்துப் போட்ட ஆம்ப்ளிஃபயர், அதன் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல்தான் அவள் கிடாருக்கு அந்த உறுமலைக் கொடுத்தது. “ஏ ஜெனோவா, மிக்ஸியைப் போட்டுட்டு மறந்துட்டியாட்டி?” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எதிர்வீட்டில், “வாசிக்கதுதான் வாசிக்கே, கொஞ்சம் மெதுவா வாசிச்சா என்ன?” என்றார்கள். கோயில் பாடகர் குழுவில் ஒரே ஒரு ஞாயிறு விட்டார்கள். காணிக்கைப் பாட்டு முடிவதற்குள் அவள் அதை நான்கு முறை முடித்துவிட்டாள் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். சரி போங்கள் என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு உப்பளத்து மோட்டார் கொட்டகைக்குப் போனாள். அங்கே கரண்ட் இருந்தது, குறை சொல்லும் காது இல்லை. பதினோரு வருஷம் அங்கேதான் வாசித்தாள். பத்துப் பாத்திக்கும் தண்ணீர் விடும்போது ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொன்று வாசித்தாள், பத்து இசை ஆயிற்று; நுனிவிரல் நான்கும் காய்த்து, சூடான டம்ளரை வெறுங்கையால் பிடிக்கும் அளவுக்கு மரத்துப்போயின.

பதினோராம் வருஷம் அவள் அண்ணன் லிகோரி, மதுரையில் காசெட் கம்பெனி வைத்திருந்த பூபதிராஜனைப் பிடித்தான். லிகோரி நல்லவன். அதுதான் கொடுமையே, கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். கோயில் குழுவில் சிங்கி தட்டுவான், தங்கச்சி வாசிப்பதைக் கொட்டகை வாசலில் நின்று மணிக்கணக்காகக் கேட்பான். இரண்டு நாளில் பத்தையும் பதிவு பண்ணினார்கள். பத்தாவது இசைக்கு அவளிடம் அதுவரை முடிவே இருந்ததில்லை. உயர ஏறி ஏறி, இறங்க வழி தெரியாமல் நிற்கும். ஸ்டூடியோவில் அன்றைக்கு மத்தியானம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூபதிராஜன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, அந்த முடிவு தானாக வந்து அவள் விரலில் இறங்கியது. நாற்பது விநாடி. வாசித்து முடித்து அவள் அழுதாள். “ரொம்ப வேகம்மா,” என்றார் பூபதிராஜன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இவ்வளவு வேகம்?”

தை மாதம் காசெட் வந்தது. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்டு, தோள்வரை டோப்பா முடி வைத்து, சிவப்பு கிடாரைப் பிடித்துக்கொண்டு நின்றான் லிகோரி. கீழே ‘மின்னல் விரல்கள் – ரெக்ஸன்’ என்று அச்சடித்திருந்தது. கிடாரைத் தலைகீழாகப் பிடித்திருந்தான், அதுகூட எவனுக்கும் தெரியவில்லை. ஜெனோவாவின் பெயர் முன்னால் இல்லை, பின்னால் இல்லை, மடிப்பைப் பிரித்தால் உள்ளேயும் இல்லை. நாற்பத்தைந்து நிமிஷ நாடாவில் அடங்கவில்லை என்று அந்தக் கடைசி நாற்பது விநாடியையும் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தார்கள்.

“பொண்ணு வாசிச்சதுன்னா எவனும் வாங்க மாட்டான்னார், ஜெனோவா,” என்றான் லிகோரி, தரையைப் பார்த்துக்கொண்டு. “காசெட்டே வராமப் போறதுக்கு, என் மூஞ்சியோடயாவது வரட்டுமேன்னு…”

“அப்ப என் மூஞ்சிக்கு என்ன கேடு?” என்று கேட்டாள் அவள். அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை.

இத்தனை தில்லுமுல்லு பண்ணியும் காசெட் விற்றதா என்றால், இல்லை. வாங்கினவர்கள் எல்லாம் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நம் ஆட்களுக்குப் பாட்டு என்றால் பாடுகிற ஆள் வேண்டும். “பாடினவர் குரல் பதிவாகலையே, வேற பீஸ் கொடுங்க” என்றார்கள். “மியூசிக் மட்டும் ஓடுது, ஆள் எப்ப வருவாரு?” என்று இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆயிரத்து எண்ணூறு காசெட் மதுரை குடோனில் மூட்டையாகக் கிடந்தது. அப்படியே மட்கிப் போயிருக்கும். அப்போதுதான் மாசி பிறந்து, சிலுவைமுனை உப்பளத்தில் புது உப்பு வாரினார்கள்.

ஒரு கல் உப்பு நாக்கில் கரைந்தால் ஒரு சுரம். வாயைத் திறந்தால் வெளியே வரும். திறக்கும்வரை எத்தனை மணி நேரமானாலும் உள்ளேயே காத்திருக்கும். முதல் வாரம் டாக்டரிடம் போனார்கள், டாக்டரும் காலையில் உப்புமா சாப்பிட்டிருந்ததால், சொல்ல வாயைத் திறந்து, சட்டென்று மூடி, சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வாரத்தில் ஊர் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சுரம் விட்டுவிட்டு உள்ளேன் ஐயா என்றது, டீச்சர் சுரத்தை வைத்தே யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் கஞ்சி என்று கண்டுபிடித்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்கள் சொல்லும் பாவம் கிடார் போட்டுக்கொண்டு வெளியே கேட்டுவிடக் கூடாதென்று அன்றைக்கு மட்டும் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். அதனால் யார் உப்பில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து யார் பாவம் செய்தார்கள் என்று ஊர் தெரிந்துகொண்டது. ரத்தக்கொதிப்புக்காரர்கள் எங்களுக்கு இசையே இல்லையா என்று கோயில் பங்குச்சாமியிடம் மனுக் கொடுத்தார்கள். வாய் பிளந்த கருவாடு ஏற்றிப் போன லாரி மலையாளத்துச் செக்போஸ்ட்டில் முனகிக்கொண்டே நின்றதாம். கல்யாணப் பந்தியில் ஊறுகாய்க்கு அடிதடி. மாமியாரும் மருமகளும் சண்டைக்கு நிற்கும்போது முதலில் ஒரு ஓட்டம் சுரம் விட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், பாதிச் சண்டை அங்கேயே நீர்த்துப்போனது.

அடடா என்ன இசை, என்ன வேகம் என்றார்கள் இப்போது. மிக்ஸி என்று சொன்ன அதே வாய்! பதினோரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்ட அதே வீடுகள், சாப்பிட்டு முடித்து வாயைத் திறந்து ஊஞ்சலில் ஆடின. ஒருத்தருக்கும் அது கொட்டகைச் சத்தம் என்று தெரியாமலில்லை. தெரிந்து என்ன செய்ய? ஜெனோவா வாசித்தது என்று ஒப்புக்கொண்டால், பதினோரு வருஷம் அவளைச் சொன்ன சொல்லையெல்லாம் திரும்ப எடுத்து விழுங்க வேண்டும். அது உப்பைப்போல எளிதில் கரைகிற சாமானா? அதனால் “நம்ம ரெக்ஸன் உப்பு” என்றார்கள். லிகோரியைக் கண்டால் எழுந்து நின்றார்கள். டீக்கடையில் அவனுக்குத் தனி நாற்காலி.

ரத்தக்கொதிப்புக்காரர்களை விட்டால், அந்த ஊரிலேயே சுரம் வராத வாய் லிகோரியுடையது மட்டும்தான். அவன் உப்பைத் தொடவே இல்லை. வெறும் சோற்றை மோரில் பிசைந்து விழுங்குவான். பார்த்தவர்கள், பெரிய கலைஞன் தன் சரக்கைத் தானே தின்பானா, என்ன அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு வைத்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி சும்மா இருப்பாரா? உப்பைப் பாக்கெட்டில் அடைத்து, மேலே லிகோரியின் படத்தைப் போட்டு, ‘ரெக்ஸன் இசை உப்பு’ என்று விற்கத் தீர்மானித்தார். மதுரையில் பூபதிராஜன் குடோனைத் திறந்து காசெட்டைத் தூசி தட்டினார்; ஒரு பாக்கெட் உப்போடு ஒரு காசெட். ஆனால் பாக்கெட் வருவதற்கு முன்னால் மூட்டையாக அனுப்பிப் பார்த்தது வெளியூரில் எடுபடவில்லை. அண்ணாச்சி பத்துப் பாத்தி உப்பையும் ஒன்றாகக் கொட்டி மூட்டை பிடித்திருந்தார், வாங்கினவர்கள் வாயிலிருந்து கன்னாபின்னாவென்று இரைச்சல்தான் வந்தது. முதல் இசை முதல் பாத்தியில்தான் விளையும், பத்தாவது பத்தாம் பாத்தியில்தான் விளையும், அதிலும் வடக்கு வரப்பிலிருந்து தெற்கே வாரிக்கொண்டு போனால்தான் சுரம் வரிசைக்கு வரும். இது பாத்தியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாருகிற பெண்கள் நாற்பத்தொரு பேருக்குத்தான் தெரியும். உள்ளூர் வீடுகளுக்கு அவர்கள்தான் பாத்தி பிரித்து வாரிக் கொடுத்தார்கள். அவர்களிடம் எவன் கேட்டான்? உப்பு வாருகிறவளிடம் இசையைப் பற்றி எவன் கேட்பான்?

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று ஊருக்குள் வந்தது. மற்ற ஒன்பதும் ஒழுங்காக முடியும். பத்தாம் பாத்தி உப்பு மட்டும், ஏறி ஏறி, உச்சிப்படியில் ஒரு காலைத் தூக்கி, அப்படியே நின்றுவிடும். முடிவு உப்பிலும் இல்லை, காசெட்டிலும் இல்லை. ஜெனோவா அதை வாசித்தது ஒரே ஒரு முறை, மதுரையில். பங்குனி போய்ச் சித்திரை வந்ததும், முடியாத அந்த இசை ஊரையே முடிக்க விடாமல் பண்ணியது. மீன் ஏலக் கூடத்தில் ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவுகிறவருக்கு மூன்றாம் தரம் வாயில் வரவில்லை; மீன் வெயிலில் நாறியது. பெண்கள் பாதிப் பின்னலோடு திரிந்தார்கள். வலை பின்னுகிறவன் கடைசி முடிச்சைப் போடமுடியாமல் நூலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பங்குச்சாமி செபத்தை முக்கால்வாசி சொல்லிவிட்டு ஆமென் வராமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார், சபையும் முழங்காலிலேயே நின்றது.

லிகோரியிடம் போனார்கள். கை வலி என்றான் அவன், நாலு வாரமாக அதே கை வலி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல், மொத்த ஊரும் மோட்டார் கொட்டகைக்கு வந்து நின்றது.

“அந்தக் கடைசியை மட்டும் வாசிச்சு விட்டுடு தாயி,” என்றார் ஏலம் போடுகிறவர், வரும் வழியிலேயே வாயைக் காலி பண்ணிவிட்டு வந்திருந்தார்.

ஜெனோவா மோட்டாரை நிறுத்தினாள். “யார் வாசிச்சாங்களோ அவங்ககிட்டப் போய்க் கேளுங்க.”

மற்றவர்கள் எல்லாரும் காலையில் உப்புப் போட்ட பலகாரம் சாப்பிட்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் அவளுடைய சுரமே அவள் முன்னால் வந்து விழும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற நானூறு வீட்டு முகத்தையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“சொல்லுங்க. வாசிச்சது யாரு? நான் வேற ஒண்ணும் கேக்கலை. என் பேரைச் சொல்லுங்க, அட்டையில என் பேரைப் போடச் சொல்லி ஊரா ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. இப்பவே வாசிக்கேன்.”

கோயில் கமிட்டித் தலைவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். கடகடவென்று பதினாறு சுரம் வந்தது, அவ்வளவும் அவளுடையது, அதைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “நீ வாசிச்சா என்ன, உங்கண்ணன் வாசிச்சா என்னம்மா? ஒரே வீடுதானே. வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய விஷயத்த எதுக்குத் தெருவுக்குக் கொண்டு வாரே? ஊர் பேரு வெளிய தெரியுதுல்லா, அது போதாதா?”

ஒரே வீடாம்! அப்படியானால் கமிட்டித் தலைவர் நாற்காலியில் அவர் பெண்டாட்டியை உட்கார வைக்கட்டுமே, அதுவும் ஒரே வீடுதானே? ஜெனோவா மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் பேசியது கேட்கவில்லை. பின்னலும் வலையும் ஆமெனும் முடியாமல் ஊர் திரும்பிப் போயிற்று.

போகாமல் நின்றது உப்பு வாருகிற முத்துப்பேச்சி. ஐம்பது வயது, ஆனால் நாக்குக்கு வயசே கிடையாது. பதினோரு வருஷமும் பாத்தியில் நின்று அந்த வாசிப்பைக் கேட்டவள்; அந்த வேகத்துக்குத்தான் பலகையைப் போட்டு வாருவாள், அதனால்தான் மற்ற அளத்தைவிட இங்கே இரண்டு அம்பாரம் உப்பு கூடுதல் என்பாள். அவள் கேட்டாள்: “ஏட்டி, இவனுவகிட்ட எதுக்குக் கேக்கே? காசெட்டு போட்டவன்கிட்டல்லா கேக்கணும். மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ்சு?”

திங்கட்கிழமை லிகோரியைப் பாக்கெட்டுப் படம் எடுக்க மதுரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதே திங்கட்கிழமை நாற்பத்தொரு பெண்களும் வேலைக்குப் போகவில்லை. பத்தாம் பாத்தியை வடக்கு வரப்பிலிருந்து ஆளுக்கு இரண்டு கை என்று வரிசையாக அள்ளி, மடியில் ஒரு கை கட்டிக்கொண்டு, இன்னொரு கையை வாயில் போட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் கலந்துவிட்டால் வரிசை கெட்டுப்போகும் என்று முத்துப்பேச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு கை உப்பென்றால் நாக்கு என்ன பாடுபடும், யோசித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம், ஒரு பஸ் நிறையப் பெண்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஓர் அமைதியைத் தன் சர்வீஸிலேயே பார்த்திராத கண்டக்டர் பயந்துபோய், “என்னம்மா, துட்டி வீடா? சாவுக்கா போறீங்க?” என்றார். நாற்பத்தொரு தலையும் இல்லை என்று ஆடியது. கடைசி சீட்டில் சிவப்பு கிடாரை மடியில் வைத்திருந்த ஜெனோவா, “எல்லாருக்கும் மதுரை,” என்றாள்.

பூபதிராஜனின் ஆபீஸ் மாடியில். லிகோரி டோப்பா முடியோடு விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தான், கிடாருக்குப் பதில் கையில் உப்புப் பாக்கெட். பெண்கள் படியேறி வந்து, பாத்தியில் நிற்பதைப்போலவே வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள். பூபதிராஜன் யாரும்மா நீங்கள்லாம் என்று கேட்டு முடிப்பதற்குள் ஜெனோவா கையைத் தூக்கி முதல் ஆளைக் காட்டினாள்.

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். ஆடி மாதத்துக் காற்று தகரக் கொட்டகையைப் பிடுங்குவதுபோல வந்தது பத்தாம் இசை. அவள் வாய் தீர்ந்த இடத்தில் அடுத்தவள் வாய், அது தீர்ந்த இடத்தில் அதற்கடுத்தது. ஒரு சுரம் விடுபடவில்லை, ஒரு சுரம் முந்தவில்லை. பதினோரு வருஷம், வெயில், காய்த்த விரல், மிக்ஸி, மெதுவா வாசி, ஒரே வீடுதானே, எல்லாம் அதில் ஓடியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே தெருவில் ஆட்டோக்கள் நின்றன, டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது, ஆட்கள் படிவரைக்கும் வந்து நெருக்கினார்கள். நாற்பத்தொன்றாவது வாயில் இசை உச்சிக்கு ஏறி, ஒரு காலைத் தூக்கி, நின்றது.

எல்லாரும் நின்றார்கள். “அப்புறம்?” என்றான் படியில் ஒருவன். “யோவ், முடிக்கச் சொல்லுய்யா!” என்றான் இன்னொருவன், கழுத்தைப் பிடித்துக்கொண்டு. பூபதிராஜனுக்கே நெற்றி வேர்த்துவிட்டது. “ரெக்ஸன், வாசிங்க, சீக்கிரம், முடிச்சு விடுங்க!” என்று கத்தினார்.

ஜெனோவா கிடாரை அண்ணனிடம் நீட்டினாள். தை மாதத்துக்கு அப்புறம் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். லிகோரி வாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான், டோப்பாவைக் கழற்றினான். “எனக்கு வாசிக்கத் தெரியாது சார். உங்களுக்கே தெரியும்,” என்றான்.

பூபதிராஜன் ஜெனோவாவின் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கை துறுதுறுக்கிறது. “சரிம்மா, உன் மனசும் நோக வேண்டாம். அடுத்த பதிப்புல ‘உதவி: ஜெனோவா’ன்னு கடைசியில சின்னதாப் போட்டுடலாம். போதுமா?”

“யாருக்கு உதவி?” என்றாள் ஜெனோவா. குரல் உயரவில்லை. “என் கைக்கு என் கையே உதவியா? அடுத்த பதிப்பு எனக்கு வேண்டாம் சார். குடோன்ல இருக்கே ஆயிரத்து எண்ணூறு, அத எடுத்துட்டு வாங்க.”

“அச்சடிச்ச அட்டையில என்னம்மா பண்ண முடியும்?”

முத்துப்பேச்சிக்கு இப்போது வாய் காலியாக இருந்தது. “யோவ், நீரு சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்குறீரு?” என்று ஆரம்பித்தவள், அதற்கப்புறம் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. தெருவே கைதட்டியது. படியில் நின்றவர்களே போய் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினார்கள். அவர்களுக்கு அந்த முடிவு வேண்டியிருந்தது.

முதல் அட்டையை எடுத்தது லிகோரி. ஒரு பெண்ணின் மடியிலிருந்து ஒரு கை உப்பை வாங்கினான், அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தின் மேல் கொட்டினான், உள்ளங்கையால் தேய்த்தான். கல்லு உப்பு பளபளப்பைச் சுரண்டியது. கண்ணாடி போயிற்று, டோப்பா போயிற்று, மூக்கு போயிற்று, ரெக்ஸன் என்ற எழுத்து போயிற்று. முகம் இருந்த இடத்தில் தாள் வெள்ளையாக, சொரசொரப்பாக வந்தது. அதைப் பூபதிராஜன் முன்னால் வைத்து, “இதுல மை நல்லாப் பிடிக்கும் சார்,” என்றான்.

நாற்பத்தொரு பெண்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். உப்பு வாரித் தழும்பேறிய கைகள், தேய்க்கச் சொல்லியா தர வேண்டும்? ஆயிரத்து எண்ணூறு முகமும் தேய்ந்து தேய்ந்து வந்தன. பூபதிராஜன் ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து, தொலையட்டும் சனியன் என்று கிறுக்கித் தள்ள ஆரம்பித்தார். ஜெனோவா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“மெதுவா எழுதுங்க சார்,” என்றாள். “எதுக்கு இவ்வளவு வேகம்? எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. எழுத்து தெளிவா இருக்கணும்.”

முதல் பத்தை அவர் திரும்ப எழுதினார். நூறாவதில் விரல் வலித்தது, ஐந்நூறில் மணிக்கட்டு வீங்கியது. விரல் காய்த்தால் சரியாகிவிடும், பதினோரு வருஷம் ஆகும் என்றாள் முத்துப்பேச்சி. சாயங்காலம் தெருவில் விளையாடிய பிள்ளைகளும் வந்து படியில் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசி அட்டையின் வெள்ளைத்தாளில் ‘ஜெனோவா’ என்று எழுதி அவர் மார்க்கரைக் கீழே வைத்த பிறகுதான், அவள் எழுந்து கிடாரை மாட்டினாள்.

நாற்பது விநாடி வாசித்தாள். தெருவில் டீ கிளாஸில் விழுந்தது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஏலக்காரர் மூணு தரம் என்றார், பின்னல்கள் முடிந்தன, வலையில் முடிச்சு விழுந்தது, பங்குச்சாமி பாக்கி வைத்திருந்த அத்தனை ஆமெனையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். உப்பு அன்றோடு வெறும் உப்பாயிற்று. கமிட்டித் தலைவர் மறுநாளே, ஜெனோவா வாசிச்சதுன்னு நான் அப்பவே சொன்னேனே என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். நாக்கு அழுகாதோ?

திரும்பும்போது காலையில் வந்த அதே பஸ், அதே கண்டக்டர். இப்போது பெண்கள் போட்ட பேச்சுச் சத்தத்தில் அவர் விசில் அவருக்கே கேட்கவில்லை. லிகோரி ஜெனோவாவுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்துக்கொண்டே வந்தான். அருப்புக்கோட்டை தாண்டியதும் கையை நக்கினான், அந்த வருஷத்தில் முதல் முறையாக. கண்டக்டர் சிவப்பு கிடாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவன்தான் என்று நினைத்து, “வாசிக்கிறது யாரு, நீங்களா தம்பி?” என்று கேட்டார்.

லிகோரி வாயைத் திறந்தான். சுரம் எதுவும் வரவில்லை, வார்த்தைதான் வந்தது.

“என் தங்கச்சி வாசிக்கா,” என்றான். “பேரு ஜெனோவா.”